கழிவுநீர் நிலையத்தை எங்கே வைப்பது

முதலில் சாலை போடு. வீடு அப்புறம்.
அகலமாகவே போடு.
ஒற்றைத் தடத்தில் ஊரை வளர்த்துவிட்டுப்
பிறகு அகலப்படுத்தப் போனால்
பதினேழு வீட்டை இடிக்க வேண்டியிருக்கும்.
நான் இடித்தேன்.
கட்டைவிரல் போதும். புஸ்ஸென்று தூசி.
மனு எழுதிக்கொண்டு யாரும் வரவில்லை.

இதையெல்லாம் ஓங் சியூ லானுக்கு
மலாயில் சொல்லிக்கொண்டிருந்தேன்.
ஜெலுத்தோங் சாலையில் ஒரு கடைவீட்டு மாடி.
மூன்றாவது நாற்காலி எனக்கு, நான்காவது அவளுக்கு.
திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறரைக்கு ஊசி.
இடது கை இயந்திரத்துக்கு,
வலது கை நகரத்துக்கு.

எனக்கு வேலை பிறையில், கொள்கலன் கிடங்கில் கணக்கு.
பத்தொன்பது வருடம் பிறையிலேயே கிடந்த அலுப்பில்
என் ஊருக்குப் பௌர்ணமி என்று பெயர் வைத்தேன்.
அவள் ஊர் எட்டு எட்டு எட்டு.
ஏன் என்றேன்.
உனக்கு அதிர்ஷ்டம் வேண்டாமா என்றாள்.

ஆள் வருமுன் தண்ணீர்த் தொட்டி கட்டு.
பௌர்ணமியில் முப்பதாயிரம் பேர்,
ஒரு குழாயும் இன்றுவரை வற்றியதில்லை.
மேயருக்கு மட்டும் நாளுக்கு மூன்று கோப்பை.
நான்காவதைக் குடித்தால்
எடைப்பலகையில் ஏறும்போதே
மிஸ்ஸி நூர்ஹயாத்தி கண்டுபிடித்துவிடுவாள்.

மாடி மேல் மாடி ஏற்றிக்கொண்டே போகாதே.
ஜனம் சுலபமாக வந்துவிடும்.
அவர்கள் கழிவு எங்கே போகும்?
அதுதான் மேயர் வேலை, மற்றதெல்லாம் பொம்மைக் கல்யாணம்.
நிலையத்தைக் கடல் பக்கம் தள்ளு,
பூங்காவிலிருந்து நான்கு கட்டமாவது தள்ளு.
இல்லையென்றால் கூரைகள் மேல் பச்சை மூக்கு முளைக்கும்,
வரி விழாது.

சொல்லி முடித்ததும்
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்
பக்கத்தில் சுழலும் பம்பைப் பார்த்தோம்.
அவள்தான் முதலில் சிரித்தாள்.

பூங்கா பக்கம் சதுரம் சும்மா கிடக்கிறதே,
அங்கேதான் வைப்பேன் என்றாள்.
ஏர் ஈத்தாம் சந்தையில் முப்பது வருடம் மீன் வெட்டியவளுக்கு
நாற்றத்தைப் பற்றிப் பாடம் எடுக்காதே என்றாள்.

வைரம் கொடுத்து நேரத்தை வாங்காதே.
பாலம் முடிய நான்கு மணி நேரம் என்றால்
நான்கு மணி நேரம்தான்.
நமக்கென்ன, பழக்கம்தானே.
மிஞ்சிய ஆணியைத் தேக்காதே, இல்லாதவருக்கு அனுப்பு.
நான் ஆணி அனுப்புவேன், அவள் பலகை அனுப்புவாள்,
எங்கோ ஒரு கணினியைச் சுற்றிக்கொண்டு வரும்,
எங்களுக்கு நடுவே ஒன்றரை அடி.

போன மாதம் நான்காவது நாற்காலியில்
ஒரு பஸ் ஓட்டுநர், வாய் திறந்து தூங்கினார்.
ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றாள் மிஸ்ஸி.
எந்த வார்டு என்று கேட்பதற்குள்
என் இயந்திரம் கத்தியது.

எட்டு எட்டு எட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.
விளக்கு எரிந்தது. பஸ் ஓடியது.
மேயர் இல்லாவிட்டாலும் அங்கே பஸ் ஓடும்.
எடுக்க ஆளில்லாத பலகைகள்
பட்டறை மேல் மிதந்து சுற்றின.
தொட்டேன், நகரவில்லை.
விருந்தாளி எதையும் எடுக்க முடியாது, வைக்கத்தான் முடியும்.
ஒரு நாளைக்கு ஐந்து ஆணி வைத்தேன்.
ஆறாவதை வைக்க விடமாட்டார்கள்.

பதினோராம் நாள்
பினாங்குப் பாலத்தில், நிஜப் பாலத்தில்,
நெரிசலில் பஸ் நின்றபோது திறந்தேன்.
பலகைகளைக் காணோம்.
என் ஐம்பது ஆணிகளையும் காணோம்.
புத்தம்புதிதாக ஒரு கழிவுநீர் நிலையம்,
பூங்காவை ஒட்டி, ஊஞ்சலுக்கு நேர் எதிரே.
கூரைக்குக் கூரை பச்சை மூக்கு.

சொன்னால் கேட்கிற ஜென்மமா அது.

அன்றைய ஐந்தை அனுப்பினேன்.