பன்னிரண்டு மணிக்கு மேல் செல்லாது

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி எலும்பு வார்டில்
தம்பி எசக்கித்துரையின் இடது கால்
கம்பியும் எடைக்கல்லுமாய்த் தொங்கிய பதினோரு நாளும்
என் ஹாட்ஸ்பாட்டுக்குப் பெயர்
‘கேக்காதீங்க’.

நானே மாற்றி வைத்தது.
முதல் ராத்திரி கேட்டவருக்கெல்லாம் கொடுத்தேன்.
சேரன்மகாதேவிக்காரர் மகன் துப்பாக்கி விளையாட்டு விளையாடி
அன்றைய ஒன்றரை ஜிபியை
எட்டு மணிக்குள் வழித்து நக்கிவிட்டான்.
தொண்ணூறு சதவீதம் தீர்ந்தது என்று
கம்பெனி செய்தி அனுப்பியது, ரொம்ப அக்கறையாக.

இருநூற்றித் தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு
இருபத்தெட்டே நாளில் முடிகிற மாதம்.
அவர்கள் காலண்டரில் வருசத்துக்குப் பதிமூன்று மாதம்.
பணகுடியில் காற்றாடி ஏறுகிற எனக்குச் சம்பளம்
பன்னிரண்டுதான்.

மேலப்பாளையம் மைதீன் பாத்து
வராந்தாத் தூணோரம் நின்று
மூன்று தரம் தன் போனைத் தூக்கிப் பார்த்தாள்.
பிறகுதான் கேட்டாள்:
“அண்ணே, ரீசார்ஜு நேத்தோட முடிஞ்சிட்டு. கடையும் பூட்டியாச்சு.
மாமாவுக்கு இப்பமே ஆபரேசனாம், குடல் அடச்சிருக்காம்.
தம்மாம்ல அவுஹளுக்கு ஒருதரம் மூஞ்சி காட்டணும்.”

பாஸ்வேர்டு சொன்னேன், பைக் நம்பர்தான்.
சொல்லிவிட்டுத் திரும்பி நின்று
நூறு எம்பி என்று வரம்பு போட்டேன்.
ஒரு மனுசன் மூஞ்சிக்கு அது காணும் என்று
எனக்கொரு கணக்கு.

ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்த அவள் போன்
தேங்கிக் கிடந்த காலை வணக்கங்களை,
யாரோ வீட்டுக் கல்யாண வீடியோவை
முதலில் விழுங்கியது.
அது என் கணக்கில் இல்லை.

ஸ்ட்ரெச்சர் லிப்ட்டுக்கு வெளியே நின்றது.
மூக்கில் குழாயோடு பெரியவர்
திரையைப் பார்த்துச் சிரித்தார்.
“ராத்திரிச் சாப்பாடு ஆச்சாலே?”
மகன் முகம் கட்டங்கட்டமாய் உடைந்து
வாய் பாதி திறந்தபடி நின்றுபோனது.
பெரியவருக்கு அது தெரியவில்லை.
நின்றுபோன முகத்திடமே கேட்டுக்கொண்டிருந்தார்,
என்ன கறி, யார் ஆக்கினா,
ஏன் பேச மாட்டேங்க.

“டவர் இல்ல போல,” என்றாள் பாத்து.
“ஐகிரவுண்டுல இப்படித்தான்,” என்றேன்.
என் கையில் நாலு கோடும்
நிமிர்ந்து நின்றன.

வரம்பை எடுக்க நாலு தட்டு.
மூன்றாவது தட்டில்
லிப்ட் கதவு மூடியது.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு மீதம் பார்த்தேன்:
எழுநூற்றி அறுபது எம்பி.
இரண்டு நிமிசத்தில் அது
எனக்கும் இல்லை, யாருக்கும் இல்லை.

எனக்கு இது புதுசும் இல்லை.
ஆடிக் காற்று கணவாய் வழியாய்
ஆளைத் தள்ளிக்கொண்டு வருகிற நாளில்தான்
கரண்டு வாங்க ஆளில்லை, நிறுத்து என்று போன் வரும்.
ஓடுகிற காற்றாடிக்கு பிரேக் போட்டிருக்கிறேன்.
அது பாட்டுக்கு நிற்கும்.
காற்று அது பாட்டுக்கு
உவரிக் கடலைப் பார்த்துப் போகும்.

பெரியவர் பிழைத்தாரா, தெரியாது.
கேட்டிருக்கலாம், அவர்கள் வார்டு ஒரு மாடி மேலேதான்.
மிச்ச நாளெல்லாம்
அந்தப் பக்கத்து டீக்கடைக்கே போகவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள்
வண்ணார்பேட்டை சிக்னல்.
பின்னால் தம்பி, மடியில் ஊன்றுகோல்,
என் ஹாட்ஸ்பாட்டில் ஏதோ பார்த்துக்கொண்டு வருகிறான்.
பெயரை இன்னும் மாற்றவில்லை.
ஹேண்டில்பாரில் போன் மினுங்கியது:
இன்னொரு சாதனம் இணைந்தது. பாத்து போன்.

பக்கத்தில் மேலப்பாளையம் பஸ்,
ஜன்னலெல்லாம் கைகள்.
நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.
வரம்பு இப்போது இல்லை என்று மட்டும்
ஒருதரம் சரிபார்த்துக்கொண்டேன்.

பச்சை விழுந்தது.
நாலு எம்பி போயிருந்தது.
அதற்குள் ஒரு முகம்
வந்து சேர்ந்திருக்குமா என்று
தம்பியிடம் கேட்டேன்.
“யாரு முகம்?” என்றான்.