ஒரு தோழிக்காக

வெள்ளிக் கூட்டம் முடிந்ததும்
மைலோ டின்னை வீட்டுக்குக் கொண்டுவருவேன்.
மூடியில் கத்தியால் கீறிய பிளவு,
பக்கவாட்டில் ஒட்டிய தாளில் 'ஜெப விண்ணப்பம்'.
துண்டுச் சீட்டுகளைப் பிரித்துத் தட்டச்சு செய்து
ஞாயிறு தாளின் கடைசிப் பக்கத்தில் சேர்ப்பது
பதினாறு வருஷமாக என் பொறுப்பு.

எனக்குக் கையெழுத்துகள் தெரியும்.
முழங்கால் வலி முழுப் பெயரோடு வரும்,
புளோக் எண், வீட்டு எண்ணோடு.
கண்புரை அறுவை, தேதியும் நேரமும் போட்டு.
பேத்தியின் ஓ லெவல், பாடவாரியாக.
மற்றதெல்லாம்
'ஒரு நண்பருக்காக',
'எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்காக'.
எங்கள் சபையில்
நண்பர்களுக்குத்தான் எத்தனை கஷ்டம்.

போன வருஷம் அறுப்பின் பண்டிகையில்
மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னேன்:
என் மகன் கிதியோன் சூதாட்டத்தை விட்டுவிட்டான்,
சூதாட்டக் கூடத்துக்குள் தன்னை விடாதபடி
தானே போய் எழுதிக் கொடுத்துவிட்டான்.
கைதட்டினார்கள். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அடுத்த வாரப் பிரசங்கத்தில்
நாங்கள் இருவரும் உதாரணமாக இருந்தோம்.

கூடம் இப்போது அவன் கைபேசிக்குள் இருக்கிறது.

செவ்வாய் விடியலில் கதவெல்லாம் சிவப்புப் பெயிண்ட்.
மின்தூக்கிச் சுவரில் கடன்முதலைகள் எழுதியிருந்தது
எங்கள் வீட்டு எண்,
முழங்கால் வலிக்காரர்கள் எழுதுவதுபோல்
ஒன்று விடாமல்.
எதிர்வீட்டு ரொஹாயா
தின்னரும் கிழிந்த டீசட்டையும் கொண்டுவந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
தேய்த்துத் தேய்த்துச் சிவப்பு இளஞ்சிவப்பானது.
அதற்குமேல் போகவில்லை.

வம்புக்குப் பயமா என்றால், இல்லை.
வம்பு இரண்டு வாரத்தில் வேறு வீடு பார்த்துக்கொள்ளும்.
பயம் அவர்கள் பரிவுக்கு.
தலையை ஒருபுறம் சாய்த்து, என் கையைப் பிடித்து,
"தம்பி எப்படி இருக்கான்?"
வாராவாரம், பீஹூன் தட்டு ஆறிக்கொண்டிருக்க.
அவர்கள் ஜெபித்தும் ஒன்றும் மாறவில்லை என்றால்
'இன்னுமா?' என்று கேட்காமல் இருக்க
அவர்கள் படும் பாட்டையும்
நானே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.
எல்லாவற்றுக்கும் முன்னால்
அந்த மைக்கிடம் திரும்பிப் போய்
சொன்ன நன்றியைத் திருப்பி வாங்க வேண்டும்.
ஆண்டவரிடம் அதை எப்படிக் கேட்பது,
ரசீது இல்லாமல்?

இந்த வாரம் டின்னில் பத்துச் சீட்டு.
பதினொன்றாவதை நான் எழுதவே இல்லை,
நேராகத் தட்டச்சு செய்தேன்:
'ஒரு தோழியின் மகனுக்காக.'
கையெழுத்து தெரிந்துவிடக் கூடாதே என்று.
அதைப் படிக்கப் போகிறவள்
நான் ஒருத்திதான் என்பது
அச்சுப்பொறி ஓடும்போதுதான் உறைத்தது.

ஏழாவது சீட்டு இடப்பக்கம் சாய்ந்த எழுத்து.
'தோழி ஒருத்திக்காக. மூன்று மாதமாகத் தூக்கமில்லை.
அவளால் ஜெபிக்கவும் முடியவில்லை.'
ழகரத்துக்கு நீண்ட வால்.
என் பிறந்தநாள் அட்டைகளில்
வருஷம் தவறாமல் 'வாழ்க' என்று வரும் அதே வால்.
எமிலின் அக்கா.
போதகரின் மனைவி.

ஞாயிறு, ஏழுக்கும் ஆமென் சொன்னார்கள்,
பதினொன்றுக்கும்.
முழங்காலுக்குச் சொன்ன அதே நீளம்.

பிறகு தேநீர்க் கொதிகலன் பக்கத்தில் நாங்கள் இருவர்.
"எப்படி இருக்கீங்க அக்கா?"
"கர்த்தர் கிருபை, நல்லா இருக்கேன்மா. நீ?"
"கர்த்தர் கிருபை."
அவர் கோப்பையைக் குழாயடியில் பிடித்தார்.
கண்ணுக்குக் கீழே பவுடர் திட்டுத் திட்டாய்.

"அக்கா, அந்தப் பதினொன்றாம் நம்பர் தோழி,
அவளும் தூங்குறதில்ல."

கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது,
தட்டு நிறைந்து மேசையில்.
குழாயை மூடியது நான்தான்.

வெகுநேரம் கழித்துக் கேட்டார்,
"அவ வீடு எங்கம்மா?"

உட்லண்ட்ஸ் என்றேன்.
வீட்டு எண்ணைச் சொல்ல
இன்னும் இரண்டு வாய் தேநீர் ஆயிற்று.