வழக்கு மூலம் எழுந்த நாள்

மனு மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது.
ஒத்தக்கடையில், ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால்,
கரண்ட் போய்ப் போய் வரும் டைப்பிங் அறை.
பதிவுப் பிரிவு ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தது:
வழக்கு மூலம் எழுந்த நாள் எது?

மனுதாரர் செபமாலை மேரி, வயது நாற்பத்தொன்று,
முன்பு பனைக்குடா, இராமநாதபுரம் மாவட்டம்,
இப்போது வைகைத் தென்கரை, கதவு எண் இல்லை.
நாள் கேட்டால் சிரிக்கிறார்.
"கடல் என்ன பத்திரிகை வச்சா வந்துச்சு?"

புயலுக்குப் பெயர் உண்டு.
பெயர் இருந்தால் அரசாணை, அரசாணை இருந்தால்
அரிசி, வேட்டி சேலை, கூரைக்கு ஒரு தொகை.
ஆண்டுக்கு ஒரு முழமாய்
பூனை போல ஏறிய தண்ணீருக்கு
எந்தக் கணக்குத் தலைப்பும் இல்லை.
கடலைத் தாண்டி வந்தவர்களுக்காவது
ஒரு சொல் இருக்கிறது, ஒரு முகாம் இருக்கிறது.
கடல் தாண்டியதால் வந்தவர்களுக்கு
என் அலமாரி முழுக்கத் தேடியும் கிடைத்தது
ஆக்கிரமிப்பாளர்.

அதைத்தான் பொதுப்பணித் துறை
பசை தடவி இவர் தார்ப்பாயில் ஒட்டிப் போனது.
நீர்நிலைப் புறம்போக்கு. இருபத்தொரு நாள்.

"அங்க தண்ணி எங்க எடத்துல ஏறுச்சு வக்கீலம்மா,
நாங்க ஒரு நோட்டீசும் ஒட்டலையே."

இதை ஆங்கிலத்தில் பெயர்த்தேன்.
பத்தி நான்கில் அது
மரியாதையாக, குரலே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

எதிர்மனுதாரர்கள்: ஆட்சியர், வட்டாட்சியர், செயற்பொறியாளர்.
நான்காவதாக யாரைச் சேர்ப்பது?
சீனியர் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்,
வானத்துக்கு நோட்டீஸ் சார்பு செய்ய முடியாதும்மா.
புகை விட்டவனுக்கும் கதவு எண் இல்லை.

நீதிமன்றம் நிற்கிற இடத்தில்
முன்பு கண்மாய் கிடந்ததாக
டீக்கடைக்காரர் சொல்வார்.
யானைமலை பார்த்திருக்கும்.
நான் ஜூனியர். அதை மனுவில் சேர்க்கவில்லை.

"அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க. முதல்ல என்ன ஆச்சு?"

நெடுநேரம் மின்விசிறியைப் பார்த்திருந்தார்.

"பால் திரிஞ்சுச்சு.
சூசையப்பர் திருநாளுக்கு மறுநாள்.
டீக்கு அடுப்புல வச்சா கட்டி கட்டியா நிக்குது.
என்னத்தடா கலந்தேன்னு காத்தமுத்துவத் தெருவுல வச்சுக் கேட்டேன்.
சொம்பத் தூக்கி வீசினேன்.
அந்தாளு ஒரு வார்த்தை பேசல.
மூணா நாளு பக்கத்து வீட்டுலயும் திரிஞ்சுச்சு,
அப்பறந்தான் கெணத்துத் தண்ணிய நக்கிப் பாத்தேன்."

மார்ச் இருபது என்று தட்டச்சு செய்தேன்.
பதிவுப் பிரிவுக்கு இது போதும்.

"அவர் மேல தப்பில்லன்னும் எழுதுங்க."

"அது வழக்குக்குத் தேவையில்லக்கா."

"சத்தியம்னு சொல்லித்தானே கையெழுத்து கேக்குறீங்க?"

கரண்ட் போனது.
இருட்டில் இருவரும் காத்திருந்தோம்.
வெளியே மேலூர் பஸ் ஒன்று
ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது.
வெளிச்சம் வந்ததும்
பத்தி ஏழு என்று எண் போட்டேன்.

மூவரில் யார் பொறுப்பு என்று தெரிய
வாய்தா வாய்தாவாகக் காலம் போகும்.
பிறகும் தெரியாமல் போகலாம்.
இன்றைக்கு ஒருவர் விடுதலை:
காத்தமுத்து, பால் வியாபாரம்,
முன்பு பனைக்குடா,
தற்போதைய முகவரி தெரியவில்லை.