ஏழாம் பத்தி

கோத்தகிரி பேருந்து நிலையத்துக்கு எதிரே
மருந்துக்கடை மாடியில்
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்க்குத் தட்டச்சு செய்கிறேன்.
கிரயம், உயில், பெயர் மாற்றம்,
பச்சை இலைக்கு விலை கேட்டு ஆட்சியருக்கு மனு.
பிரமாணப் பத்திரத்தைச்
சத்தியக் கடதாசி என்று சொன்ன முதல் ஆள்
தவமலர்.

ஹட்டன் பக்கத்து லயத்தில் பிறந்து
கலவரத்தில் வன்னிக்குப் போய்
போரில் கடல் தாண்டி இந்த மலைக்கு ஏறியவள்.
மூன்று இடத்திலும் வந்தவள் என்றே பேர்.

அரை நாள் கூலியை வெட்டிவிட்டார்கள் என்று வந்திருந்தாள்.
கரடி தேடி வனத்துறை விட்ட ட்ரோன்
பதினோராம் நம்பர் மலைக்கு மேலே நின்றபோது
மற்றவர்கள் முக்காட்டை அவிழ்த்து ஆட்டிச் சிரிக்க
இவள் தேயிலைத் தூருக்குள் புகுந்து
கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
மூன்று மணி நேரம் வெளியே வரவில்லை.
மேஸ்திரி கணக்கில் எழுதியது: தூக்கம்.

வக்கீல் பெள்ளிராஜ் பேனாவை மூடினார்.
கொஞ்ச நேரம் கழித்து
வேறொரு கோப்பைத் திறந்தார்.

"அங்க அதுக்கு வண்டு எண்டு பேர், ஐயா.
முதல்ல இரைச்சல் வரும்.
கொஞ்சம் பொறுத்து ஷெல் வரும்."
அதில் ஆயுதம் இருந்ததா?
"இல்லை. பார்க்கும்."
அப்போது சுட்டது?
"அது வேற. தூரத்தில இருந்து."

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன், கார்பன் வைத்து மூன்று பிரதி.
வேறுபடுத்திப் பார்க்கும் கடமை.
முன்னெச்சரிக்கை.
விகிதாசாரம். அதில் ஓர் எழுத்து விழுந்துபோய்
வெள்ளை மை தடவி ஊதினேன்.
ஒரு தட்டில் ராணுவ ஆதாயம், மறு தட்டில் உயிர்.
எங்கள் இலைத் தராசு ஞாபகம் வந்தது.
ஈரத்துக்கு இத்தனை கிலோ கழிவு என்று
நிறுக்கும் முன்பே குறைத்துக்கொள்வார்கள்.

கண் ஒருவனுடையது, கை இன்னொருவனுடையது,
அங்கேதான் சட்டம் இடறும் என்றார் வக்கீல்.
கண் சொல்லும், நான் சுடவில்லை.
கை சொல்லும், நான் பார்க்கவில்லை.

அவள் கேட்டதாகத் தெரியவில்லை.
ஜன்னலுக்கு வெளியே மஞ்சு ஏறி வந்து
பேருந்துகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது.
"இப்படி ஒரு நாள் அங்க கிடைச்சிருந்தா..." என்றாள்,
முடிக்கவில்லை.

பிறகு கேட்டாள்:
"அது பார்த்ததெல்லாம் எங்கயாவது இருக்குமா?"

இருக்கும். தேதி, நேரம், உயரம்
எல்லாம் ஓரத்தில் எழுதியே இருக்கும்.
அதைத்தானம்மா கேட்கிறோம்.
பார்த்தார்கள் என்றால் தெரிந்திருந்தது.
தெரிந்திருந்தது என்றால்

"அது எனக்கு வேண்டாம் ஐயா.
என்ட மகன் நிரோஜன் குழாய்க்கிணத்தடியில நிண்டவன்.
மஞ்சள் கேன் வச்சிருந்தவன்.
வண்டு அவனுக்கு மேலயே நிண்டது, கன நேரம்.
ஆல்பம் பங்கருக்குள்ள எரிஞ்சு போச்சு.
அவனைப் பிடிச்ச படம் உலகத்தில இனி அதில மட்டும்தான்.
முகம் விழுந்திருக்காது, தெரியும்.
உச்சியில ரெண்டு சுழி அவனுக்கு.
மேல இருந்து பார்த்தா நல்லாத் தெரியும்."

விரல்கள் எழுத்துகளின் மேல் இருந்தன.
வக்கீல் சட்டப் புத்தகத்தின் முதுகைத் தடவினார்,
ரெட்டைச் சுழிக்கு அதில் ஒரு பிரிவு
இருக்கிறதா என்று தேடுவதுபோல.

கோரிக்கைகள் எட்டு ஏற்கெனவே அடித்தாகிவிட்டது.
ஒன்பதாவதை மெதுவாகச் சொன்னார்,
காற்புள்ளிகளையும் சொன்னார்:
மனுதாரரின் மகனுடைய படத்தை,
எந்த உயரத்திலிருந்து எடுக்கப்பட்டதாயினும்,
மனுதாரரிடம் ஒப்படைக்க உத்தரவிட வேண்டும்.

கையெழுத்திட்டு இறங்கிப் போனாள்.
மருந்துக்கடைத் தகரம் முடியும் இடத்தில் நின்று
மேலே பார்த்தாள்.
மஞ்சு.
அப்புறம்தான் சாலையைக் கடந்தாள்.

கூலி வழக்கு தனி மனு, ஒரே பக்கம்.
அதில் ஜெயித்துவிடலாம் என்கிறார் வக்கீல்.