செவுள் பார்த்து வாங்குகிறவன்

நிலாவெளி ஹோட்டல்களுக்கு மீன் எடுத்துக் கொடுப்பவன் நான்.
விடியற்காலை நாலரைக்கு, ரோர்ச் வெளிச்சத்தில்,
ஒரு விரலால் செவுளைத் தூக்கினால் போதும்,
எத்தனை மணிக்கு வலையில் பட்டது என்று சொல்லுவேன்.
பாரையோ விளைமீனோ
பதினாறு வருஷம் கணக்குப் பிழைத்ததில்லை.

மனிசரையும் அப்படித்தான் எடுத்தேன்.

நகம் வெட்டியிருந்தால் நல்லம்.
சேட்டில் அயன் மடிப்பு இருந்தால் இன்னும் நல்லம்.
கலியாணம் கட்டினவன்,
காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிறவன்,
அவனுக்கு என்ன வரப்போகுது?
கொழும்பு என்றால் கொஞ்சம் யோசிப்பேன்.
வெள்ளைக்காரன் என்றால் உறை இல்லாமல் தொடமாட்டேன்.
கிண்ணியா பஸ்ஸில் வந்து
கிண்ணியா பஸ்ஸில் போகிறவன்
நம்மட ஆள்.

இருந்தால் முகத்தில தெரியாதா மச்சான் என்பான் ரோய்ஸ்ரன்.
கோபிதாசன் ஒருமுறை
கன்னியாவில் ஏழு கிணற்றுச் சுடுதண்ணியும் அள்ளி ஊற்றிவிட்டு வந்து
எல்லாம் கழுவியாச்சு என்றான்.
பகிடிதான்.
பாதிதான் பகிடி.

பயமில்லாத ஆட்கள் என்று நினைக்க வேண்டாம்.
என்.சி. வீதி மருந்துக் கடையில் நிற்பவள்
என் தங்கச்சியோடு படித்தவள்.
போன மாதம் அவளிடம்
பனடோல், சித்தாலேப, இருமல் பாணி
ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டு
போன சாமானை வாங்காமலே திரும்பினேன்.
பையில் அது கிடந்து
இரவு ரோட்டில் பையைத் திறக்கச் சொன்னால்?
நோய் வந்தாலும் வரும்.
பொலிஸ் வந்தே தீரும்.
எங்கள் கணக்கு இப்படி ஓடுது.

கோட்டை மான்களைப் பாருங்கள்.
நாய் குரைத்தால் மதிலேறிப் பாயும்.
அதே வாயால்
பொலித்தீன் பையை நிதானமாகச் சப்பும்.

உள்ளங்கையில் செம்புள்ளிகள் வந்தன.
நோகவில்லை. கடிக்கவுமில்லை.
ஐஸ் பிடிக்கிற கைதானே என்று விட்டுவிட்டேன்.
காலிலும் வந்தது.
கால் ஐஸ் பிடிப்பதில்லை.

திருகோணமலை ஆஸ்பத்திரி வாசலை மூன்று தரம் கடந்து போனேன்.
நாலாவது நாள்
லொறிப் பத்திரம் மாற்ற அனுராதபுரம் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.
அங்கே எனக்குப் பெயரில்லை,
பதினாலாம் நம்பர்.

பதினைந்தாம் நம்பர் மிஹ்ளார்.

அதே அயன் மடிப்பு.
நான் பொறுக்கியெடுத்ததில் முதல் தரம் அவன்.
அவனா எனக்கு, நானா அவனுக்கு,
இல்லை எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் யாரோவா,
மனதுக்குள் வலையை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.
அவனும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்,
முதல்நாள் என்னிடம் சொன்னது ஞாபகம் வந்திருக்கும்:
உன்னைப் பார்த்தாலே தெரியும்,
நீ சுத்தமான ஆள்.

என் செவுளை அவன் எப்போது தூக்கிப் பார்த்தான்?

சிபிலிஸ், சுகமாகும் என்றார் டொக்டர், தடிமன் என்று சொல்கிற குரலில்.
மிச்சம் இரண்டு சோதனைக்கும் இரத்தம் எடுத்தார்கள்.
சிங்கள நேர்ஸ் தனக்குத் தெரிந்த தமிழில்
கொஞ்சம் நோகும் தம்பி என்றாள்.
கொஞ்சமில்லை.
இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

திரும்பி வந்த பஸ் பாதிக்கு மேல் காலி.
ஹொரவப்பொத்தானை தாண்டியும்
ஒரே கம்பியைப் பிடித்தபடி நின்றோம்.
பின்னுக்கு சீற் கிடக்கு, இருங்கோவன் என்றார் கொண்டக்டர்.

வேண்டாம் என்றோம்
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.