பத்துக்கு எட்டு

ஆத்தா எப்படி இருந்தாளென்று
மயிலாத்தாளிடம் கேட்டது நான் ஒருவன்தான்.
பக்தியில் இல்லை.
பேனருக்குப் படம் வேண்டியிருந்தது.

கூலி உயர்வு கேட்டு
சோமனூர்ப் பக்கம் தறிகள் நின்ற
பத்தொன்பதாம் நாள் ராத்திரி,
செங்கோட்டுவேல் குடோனில் விட்டுவந்த
தூக்குப்போசியை எடுக்கப் போனவள்
கழிவுப் பஞ்சுக் குவியல்மேல் கண்டாளாம்.

"நைட்டிங்ணா. மேல ஒரு துண்டு.
தல, புருவமெல்லாம் பஞ்சு.
மொகந் தெரியலைங். இருமிட்டே இருந்துச்சு.
தண்ணி கேட்டுச்சு, குடுத்தேன்.
'இன்னும் எத்தன நாளைக்கு'ன்னுச்சு.
அவ்வளவுதானுங்."

கணினியில் தேடினேன்.
பச்சைப் பட்டில் நூற்றுப் பதினாலு அம்மன்கள்.
நைட்டியில் ஒருத்தியும் இல்லை.

இன்னும் எத்தனை நாளைக்கு.
பொறுத்திருக்கச் சொல்கிறாள் என்றது சங்கம்.
போதும் என்கிறாள் என்றார்கள்
வங்கித் தவணை தாண்டியவர்கள்.
அருள்வாக்குக்குப் பொருள் கேட்டு
அவிநாசியிலிருந்து ஒருவரைக் காரில் கூட்டிவந்தார்கள்.
மயிலாத்தாள் அப்போது
தார் சுற்றும் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
அவளை யாரும் கூப்பிடவில்லை.

உண்ணாவிரதப் பந்தலிலேயே
அன்னதானம் ஆரம்பித்தது.
தார்ப்பாய் அதே, நாற்காலி அதே,
வாடகை மட்டும் ஆத்தா கணக்கில்.
இருபத்தி மூன்றாம் நாள்
பழைய கூலிக்கே ஓடின தறிகள்.
தோற்றதாக ஒருவரும் சொல்லவில்லை.
அந்தச் சத்தத்தில் சொன்னாலும் கேட்காது.

குடோன் முகப்பில் கம்பிக் கதவு, உண்டியல்.
பேனரில் நாற்பத்தோரு உபயதாரர்கள்,
இரண்டு பேருக்குக் கூலிங்கிளாஸ்.
"கண்டவ பேரு போடோணுமுங்களா?"
செங்கோட்டுவேல் கொஞ்ச நேரம் யோசித்தார்.
"ஒரு பக்தைனு போடு தம்பி, போதும்.
வளவுக்காரி பேரப் போட்டா
நாளைக்கு உள்ள வாரேன்னு நிப்பாங்க."
நான் போட்டேன். ஒரு பக்தை.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய், கையோடு கொடுத்தார்.

வெள்ளிக்கிழமைகளில் அவள்
லாரி நிற்கும் இடத்தில் நின்று கும்பிடுகிறாள்.
தீபத்தட்டு அவ்வளவு தூரம் வருவதில்லை.

ஆடிக் காற்று, ஐப்பசி மழை.
மலிவு மை. முதலில் போனது முகம்.
பட்டின் பச்சை வெளுத்து
நைட்டி நிறமாயிற்று.
ஜன்னல் வழி பறந்த பஞ்சு
தலையிலும் புருவத்திலும் அப்பியது.
நேற்று ஸ்கூட்டரை நிறுத்திப் பார்த்தேன்,
கொஞ்சம் அதிக நேரம்.
உள்ளே யாரோ இருமினார்கள்.
தறி ஆளாகத்தான் இருக்கும்.

பொங்கலுக்குப் புதுசு கேட்டிருக்கிறார்கள்.
அதே அளவு, அதே பச்சை.
கோப்பு கணினியில் பத்திரமாக இருக்கிறது.
இன்னும் திறக்கவில்லை.