மீதிச் சில்லறை

கெமியார்வியில் டிசம்பர் பிறந்தால்
இரண்டு மணிக்கே இருட்டிவிடும்.
கடை வாசலில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில்
சூதாட்ட இயந்திரம் மட்டும் மின்னும்:
செர்ரி, எலுமிச்சை, செர்ரி.

யோர்மா மர ஆலையிலிருந்து வருவான்.
பாலும் ரொட்டியும் போக மீதியை
என்னிடம் வாங்கி நேரே அதன் வாயில் போடுவான்.
தோற்றால் திட்டமாட்டான்.
"ஊர்ஹோவுக்கு ஒரு கரண்டி சூப்" என்பான்.

பொய்யில்லை.
லாபத்தில் ஒரு பங்கு சங்கத்துக்கு.
சங்கம் செவ்வாய்தோறும் வேன் அனுப்பும்.
தன் பெயரே மறந்த ஊர்ஹோவை ஏற்றிப்போய்
சூப் கொடுத்து, நகம் வெட்டி,
நாலு மணிக்குத் திருப்பித் தரும்.
அந்த ஆறு மணி நேரம்தான்
ராகேல் தூங்குவாள்.

இலையுதிர் காலத்தில் யோர்மா நிறுத்திவிட்டான்.
அவன் மனைவி என் கல்லாவருகே நின்று அழுதாள்,
சந்தோஷத்தில்.
அவனை மீட்ட ஆலோசகருக்குச் சம்பளமும்
இதே எலுமிச்சையிலிருந்துதான்.

ஜனவரியில் கடிதம்.
வருவாய் குறைவு, செவ்வாய் வேன் இனி இல்லை.
ராகேல் அதைத் தராசின் மேல் விரித்தாள்.
தராசு பூஜ்யம் காட்டியது.
"ஊரில் எல்லாரும் திருந்திவிட்டார்களா?"

நான் ரசீதைக் கிழித்தேன்.
போன தேர்தலில்
வரியைக் குறைப்பேன் என்றவருக்குத்தான்
போட்டேன்.
அவளிடம் சொல்லவில்லை.

ஊர்ஹோ அவள் கையுறையைப் பிடித்தபடி
பழங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மீதி இரண்டு யூரோவை நீட்டினேன்.
அவள் பர்ஸைத் திறக்கவில்லை.
"இதை எங்கே போட வேண்டும்,
காட்டு" என்றாள்.